அறுபடாத நரம்பு: திரையில் கற்ற உடற்கூற்றியல் மேசைக்கு வந்தபோது

"சேர், நான் ஒரு நரம்பை அறுத்துவிட்டேன்."

இரவு பத்து மணி தாண்டி வந்த அழைப்பு அது. பேசியவர் கிண்ணியாவைச் சேர்ந்த முதலாம் ஆண்டு மருத்துவ மாணவர். அன்று காலை அவருடைய குழு தங்கள் மேசையில் இருந்த உடலின் மேற்கையைத் திறந்திருக்கிறது. மஸ்குலோகியூட்டேனியஸ் நரம்பைக் காட்டுங்கள் என்று செயல்விளக்குநர் கேட்டிருக்கிறார். கொராக்கோபிரேக்கியாலிஸ் என்ற தசையைத் துளைத்துக்கொண்டு இருதலைத் தசைக்குப் போக வேண்டிய நரம்பு அது. தசை இருந்தது. அதில் துளையும் இல்லை, நரம்பும் இல்லை. கத்தி பிடித்தவர் இவர். குழுவில் மற்றவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் பேசாமல் நின்றதே இவருக்குத் தீர்ப்பாகப் பட்டிருக்கிறது. இரவுச் சாப்பாட்டைத் தொடாமல் என்னை அழைத்திருக்கிறார்.

"நீங்கள் காட்டிய இடத்தில்தான் தேடினேன், சேர்."

அந்த இடத்தை நான் அவருக்குக் காட்டியது ஓர் உடலில் அல்ல. திருகோணமலை உவர்மலையில், என் வீட்டு முன்விறாந்தைச் சுவரில் தொங்கிய ஒரு வெள்ளைச் சீலையில், புரொஜெக்டர் வரைந்த கையில்.

மெய்நிகர் உடற்கூறாய்வு வந்துவிட்டதே, இனி உடல்கள் எதற்கு என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். பொதுவாக ஒரு பதில் சொல்வதை விட, ஐந்து மாணவர்களோடு நான் கழித்த சில வாரங்களையும், அதன் பின் வந்த இந்த அழைப்பையும், நான் செய்த பிழையையும் சேர்த்து எழுதிவிடுவதே நேர்மை என்று நினைக்கிறேன்.

விறாந்தையில் ஒரு கூடம்

2022 ஜூன், ஜூலை மாதங்களை இலங்கையில் வாழ்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. பொருளாதார நெருக்கடியில் பெற்றோல் வரிசைகள் கிலோமீற்றர் கணக்கில் நீண்டன. பல்கலைக்கழக வகுப்புகள் மீண்டும் இணையவழிக்குப் போயின. வெளியூர்களில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் ஊருக்குத் திரும்பினார்கள். திருகோணமலையில் மருத்துவ பீடம் இல்லை. கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் சித்த மருத்துவம் கற்பிக்கப்படுகிறது. மேலைத்தேய மருத்துவம் படிக்கிற எங்கள் பிள்ளைகள் மட்டக்களப்புக்கோ யாழ்ப்பாணத்துக்கோ பேராதனைக்கோ கொழும்புக்கோதான் போக வேண்டும்.

உப்புவெளியில் இருக்கும் நண்பர் ஒருவரின் மகள் ஒரு நாள் வந்து சொன்னார்: "மேற்கை, முன்கை இரண்டுக்கும் விரிவுரை முடிந்துவிட்டது சேர். இன்னும் ஒரு தசையைக்கூட நாங்கள் பார்க்கவில்லை." நான் முன்பு சில ஆண்டுகள் ஒரு மருத்துவ பீடத்தில் உடற்கூற்றியல் செயல்விளக்குநராக இருந்தவன். அந்தக் கூடத்தை விட்டு வந்த பிறகும் அது என்னை விட்டுப் போகவில்லை. வாருங்கள் என்றேன்.

ஐந்து பேர் சேர்ந்தார்கள். நால்வர் மருத்துவ மாணவர்கள், ஒருவர் சித்த மருத்துவ மாணவி. கிண்ணியா மாணவர் பாலத்தைக் கடந்து சைக்கிளில் வந்தார். வெயில் ஏறுமுன் புறப்படுவார். மூதூர் மாணவி நகரில் தன் சாச்சி வீட்டில் தங்கிக்கொண்டார். தம்பலகாமத்திலிருந்து வந்தவர் யாருடைய மோட்டார் சைக்கிளில் பெற்றோல் இருக்கிறதோ அவரோடு வருவார். சில நாள் வரமாட்டார்.

மெய்நிகர் உடற்கூறாய்வு என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது அனட்டமேஜ் மேசை. 2011இல் வெளிவந்தது, ஆளுயரத் தொடுதிரையில் ஓர் உடல் கிடக்கும், விரலால் கோடு போட்டால் தோல் விலகும், தசை விலகும். பல பத்தாயிரம் டொலர் விலை. எங்களிடம் இருந்தவை ஒரு மடிக்கணினி, பழைய புரொஜெக்டர் ஒன்று, சுவரில் கட்டிய கட்டில் சீலை. கச்சான் காற்று வீசுகிற மாதங்கள் அவை. காற்று உள்ளே வரும்போதெல்லாம் சீலை பொம்மி அடங்கும். அதில் தெரிகிற மார்பு மூச்சு விடுவது போல இருக்கும். முதல் நாள் மூதூர் மாணவி அதைப் பார்த்து ஓரடி பின்னால் போனார்.

மென்பொருளுக்குக் காசு தேவைப்படவில்லை. ஜப்பானில் உருவாக்கி எல்லோருக்கும் திறந்துவிடப்பட்ட பொடிபார்ட்ஸ்3டி என்ற முப்பரிமாண உருவங்களின் தொகுப்பு இருக்கிறது. அதன் மேல் கட்டிய இசட்-அனட்டமி என்ற இலவச அட்லஸை நாங்கள் பயன்படுத்தினோம். ஒவ்வொரு தசையாக மறைக்கலாம், திருப்பலாம், அக்குளுக்குள் புகுந்து உள்ளிருந்து வெளியே பார்க்கலாம். கைக்குப் போகிற நரம்புகள் பின்னிக் கிடக்கும் புய நரம்புப் பின்னலை முதல் முறையாகப் படிக்கிற மாணவருக்கு அது பெரிய வரம். நான் படித்த காலத்தில் ஐந்து வேர்கள், மூன்று தண்டுகள், ஆறு பிரிவுகள், மூன்று வடங்கள் என்று கரும்பலகையில் வரைந்து வரைந்து மனப்பாடம் செய்தோம். அந்த வடங்கள் நாடியை, அதாவது தமனியை, சுற்றி நிற்கின்றன என்பதை உண்மையாக உணர எனக்கு ஒரு வருடம் பிடித்தது. இந்தப் பிள்ளைகள் இரண்டாம் மாலையிலேயே அதைச் சுற்றிப் பார்த்துவிட்டார்கள்.

குடல்வளரி இல்லாத மனிதர்

இரண்டாவது மூலம், விசிபிள் ஹியூமன் திட்டத்தின் ஆணுடல். அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் 1994இல் வெளியிட்டது. ஓர் உடலை உறையவைத்து, ஜெலட்டினில் பதித்து, நான்கு பாளங்களாகப் பிரித்து, ஒவ்வொரு பாளத்தின் முகத்தையும் 1 மில்லிமீற்றர் அளவுக்குச் சீவிச் சீவி, சீவிய ஒவ்வொரு முறையும் படமெடுத்தார்கள். 1,871 படங்கள். சீவியது தூளாகிப் போனது. அந்த உடலில் எஞ்சியிருப்பவை படங்கள் மட்டுமே. ஏறத்தாழ 15 ஜி.பி. அளவு, நள்ளிரவுக்குப் பின்னரான டேட்டாவில் பல இரவுகளாக இறக்கினேன்.

ஒரு மாலை சித்த மருத்துவ மாணவி கை போதும், வயிற்றைப் பார்க்கலாம் என்றார். மார்பிலிருந்து படம் படமாக இறங்கினோம். பிரிமென்றகடு, ஈரல், சிறுநீரகங்கள். வலது கீழ்வயிற்றை அடைந்ததும் குடல்வளரியை, அதாவது அப்பெண்டிக்ஸை, தேடச் சொன்னேன். எல்லோருக்கும் தெரிந்த உறுப்பு. எல்லா ஊரிலும் யாராவது ஒருவருக்கு அதை வெட்டி எடுத்திருப்பார்கள். குருட்டுக்குடலைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அதன் கீழே முன்னுக்கும் பின்னுக்குமாகப் படங்களை ஓட்டினார்கள். கால் மணி நேரம் போயிருக்கும். தம்பலகாம மாணவர் கடைசியில் தயங்கியபடி கேட்டார்: "இவருக்கு அது இல்லையா?"

இல்லை. அவர் உயிரோடு இருந்தபோதே அதை அகற்றிவிட்டார்கள். அவர் பெயர் ஜோசப் போல் ஜெர்னிகன். கொலைக்குற்றத்துக்காக டெக்ஸாஸ் மாநிலத்தில் 1993 ஆகஸ்ட் 5ஆம் திகதி நச்சு ஊசி மூலம் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டவர். இறக்குமுன் தன் உடலை அறிவியலுக்குக் கொடுத்திருந்தார். அது ஒவ்வொரு மில்லிமீற்றராகச் சீவப்பட்டு உலகம் முழுதும் பரவப்போகிறது என்று அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. அந்தச் சம்மதம் போதுமானதுதானா என்று மருத்துவ அறவியலாளர்கள் இன்றும் வாதிடுகிறார்கள்.

நான் இதைச் சொல்லி முடித்தபோது விறாந்தையில் யாரும் பேசவில்லை. சற்று நேரம் கழித்து மூதூர் மாணவி கேட்டார்: "பீடத்தில் முதல் நாள் உடலைத் தொடுமுன் எழுந்து நின்று மரியாதை செய்வார்கள் என்று சொன்னீர்களே சேர். இவருக்கு நாம் செய்யவில்லையே?"

தெற்கில் பௌத்தக் குடும்பங்கள் பல உடல்தானத்தைப் புண்ணியமாகக் கருதிக் கொடுக்கின்றன. பிரித் ஓதி அனுப்பிவைக்கிறார்கள். எங்கள் வீடுகளில் எரிப்போம், அல்லது புதைப்போம். கொடுப்பது என்ற பேச்சு எழுவதே அரிது. ஆனால் கொடுக்கப்பட்டதைப் பெற்றுக்கொள்கிற கடமை எல்லோருக்கும் பொது. அன்றைக்கு ஐவரும் எழுந்து சீலைக்கு முன்னால் நின்றார்கள். கிண்ணியா மாணவர் மெல்லிய குரலில் ஏதோ ஓதினார். கண்ணை மூடிக்கொண்டு நின்றவர்களும் உண்டு. திரையில் குடல்வளரி அகற்றப்பட்ட அந்த வயிறு ஒளிர்ந்துகொண்டிருந்தது. என் கற்பித்தல் வாழ்க்கையில் நான் மறக்காத நிமிடம் அது. அதை நானாகத் தொடங்கிவைக்கவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்.

அந்த மாலை எனக்கு இன்னொன்றையும் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். திரையில் இருப்பதும் ஏதோ ஒருவருடைய உடல், அதற்கும் தனக்கென்று ஒரு வேறுபாடு உண்டு என்பதை. நான் அதைக் குடல்வளரியோடு நிறுத்திவிட்டேன்.

மின்சாரம் போன பொழுதுகள்

மாலைகளில் மின்வெட்டு வரும். மடிக்கணினி தாங்கும், புரொஜெக்டர் தாங்காது. முதல் இரண்டு நாள் கதிரைகளில் சும்மா இருந்தோம். மூன்றாம் நாள் ஆளுக்கொரு பேனை கொடுத்து, அவரவர் கையிலேயே வரையச் சொன்னேன்.

முழங்கையைச் சற்று மடக்கி, உள்ளங்கையை மேலே திருப்பி இறுக்கினால் இருதலைத் தசையின் தசைநாண் கயிறு போலப் புடைக்கும். அதை ஒட்டி உட்பக்கம் விரல் வைத்தால் மேற்கை நாடி துடிக்கும். இரத்த அழுத்தம் அளக்கும்போது ஸ்டெதஸ்கோப்பை வைக்கிற இடம். இன்னும் உள்ளே, விரல்களுக்குப் போகிற மீடியன் நரம்பு. வெளியிலிருந்து உள்ளே நாண், நாடி, நரம்பு என்ற வரிசையை இருட்டில் விரலால் தேடிக் கற்றவர்கள் அதை மறக்கமாட்டார்கள். சிவப்புக் கோடு, நீலக் கோடு என்று கையெல்லாம் வரைந்துகொண்டு வீட்டுக்குப் போவார்கள். இங்கிலாந்தின் தென்மேற்கில் 2002இல் முதல் மாணவர்களைச் சேர்த்த பெனின்சுலா மருத்துவக் கல்லூரி, உடல்களே இல்லாமல் உடற்கூற்றியலைக் கற்பிக்க முடிவெடுத்தபோது, உயிருள்ள உடலின் மேல் வரைவதையும் ஸ்கேன் படங்களையும்தான் பெரிதும் நம்பியது. எங்களை அதற்குக் கொண்டுபோனது மின்வெட்டு.

சித்த மருத்துவ மாணவி இந்த நேரங்களில் வர்மப் புள்ளிகளையும் சேர்த்துக் குறித்தார். அக்குளிலும் முழங்கையிலும் அவர் குறித்த இடங்கள் சிலவற்றின் கீழே என்ன இருக்கிறது என்று மற்றவர்கள் தேடினார்கள். நரம்போ நாடியோ தோலுக்கு அருகில் வருகிற இடங்களாக அவை அமைந்திருந்தது நால்வரையும் நிமிர்ந்து உட்காரவைத்தது.

ஒரு ஞாயிறு காலை சந்தையில் ஆட்டு முன்சந்து ஒன்றை வாங்கினேன். விலாவிலிருந்து பிரிக்காமல் அப்படியே தரும்படி கேட்டதும் இறைச்சிக் கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆட்டுக்குக் காறை என்பு கிடையாது; முன்னங்கால் உடலோடு தசையால் மட்டுமே தொங்குகிறது. ஆகவே காலை மெல்லத் தூக்கி விலக்கினாலே அக்குள் திறந்து நரம்புப் பின்னல் வெளியே தெரியும். கத்தியை ஒதுக்கி வைத்துவிட்டு விரலால் பிரியுங்கள் என்றேன். தோலுக்கும் தசைக்கும் இடையில் மென்படலம் சிலந்திவலை போல இழுபட்டுக் கிழிகிற அந்த உணர்வு எந்தத் திரையிலும் இல்லை. நரம்பை இழுத்தால் இழுபடும், அறாது. நாடியை அழுத்தினால் குழாயென்று தெரியும். நாளம், அதாவது சிரை, விரலுக்குள் நசுங்கும்.

அந்த ஆட்டுக் காலில் ஓர் இடத்தில் கிண்ணியா மாணவர் நிறுத்தினார். அக்குள் நாடிக்குக் கீழே இரண்டு நரம்புகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரு வளையமாக நின்றன. "இது திரையில் இப்படி இல்லையே" என்றார். அசைபோடும் விலங்குகளில் மஸ்குலோகியூட்டேனியஸ் நரம்பும் மீடியன் நரம்பும் அப்படித்தான் சேர்ந்து, பிறகு கீழே போய்ப் பிரியும். "ஆடு வேறு, மனிதன் வேறு" என்று சொல்லி அடுத்ததற்குப் போய்விட்டேன்.

அந்த ஒற்றை வசனந்தான் என் பிழை. அதன் விலையை அவர் கொடுத்தார்.

தசையிலிருந்து மேலே

பீடங்கள் திறந்தன, ஐவரும் திரும்பிப் போனார்கள். இரண்டாவது வாரம் அந்த அழைப்பு.

நான் முதலில் கேட்டது ஒன்றுதான். "அறுந்த முனை தெரிகிறதா?" நரம்பை அறுத்தால் இரண்டு முனைகள் மிஞ்சும். ஃபோர்மலினில் ஊறிய உடலில் அவை எங்கும் ஓடி ஒளிந்துவிடாது. அவர் யோசித்தார். இல்லை, எந்த முனையும் இல்லை.

"அப்படியானால் நாளைக்கு அந்த நரம்பைத் தேடாதீர்கள். இருதலைத் தசையைத் தூக்கிப் பிடியுங்கள். அதன் அடிப்பக்கத்தில் ஏதாவது ஒரு நூல் நுழையும். அதைச் சாவணத்தால் பிடித்துக்கொண்டு மேலே போங்கள். எங்கே கொண்டுபோகிறதோ அங்கே போங்கள்."

மறுநாள் மதியம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. கொடையாளர் உடலைப் படமெடுக்க அனுமதியில்லை; அவர் கொப்பிக் கடதாசியில் பென்சிலால் வரைந்திருந்தார். இருதலைத் தசைக்குள் நுழைந்த நூல் மேலே போய் மீடியன் நரம்பில் சேர்ந்தது. முன்கையின் வெளிப்பக்கத் தோலுக்குப் போகிற கிளையும் அதே மீடியன் நரம்பிலிருந்தே பிரிந்தது. அந்த உடலின் இடது கையில் மஸ்குலோகியூட்டேனியஸ் என்று தனியாக ஒரு நரம்பே இல்லை. அதன் இழைகள் மீடியன் நரம்போடு சேர்ந்து பயணம் செய்து, மேற்கையின் நடுவில் இறங்கித் தங்கள் தசைகளுக்குப் போயிருந்தன. வலது கையில் எல்லாம் புத்தகத்தில் உள்ளபடியே இருந்தது.

அறியப்பட்ட வேறுபாடுதான் இது. அறுவைச் சிகிச்சையிலும் முக்கியமானது: இப்படிப்பட்டவருக்கு மேற்கையின் மேற்பகுதியில் மீடியன் நரம்பு காயப்பட்டால், விரல்கள் மட்டுமல்ல, முழங்கையை மடக்குகிற பலமும் போகும். இது தெரியாத மருத்துவர் காயம் இரண்டு இடங்களில் என்று நினைத்துத் தேடுவார்.

பென்சில் படத்தின் கீழே ஒரு வரி எழுதியிருந்தார்: "ஆட்டுக்கால் போலவே இருக்கிறது சேர்." அதைப் பார்த்தபோது எனக்கு மகிழ்ச்சியும் வெட்கமும் ஒன்றாக வந்தன. ஆட்டில் எப்போதும் இருப்பது மனிதனில் எப்போதாவது தோன்றும் என்பதை அந்த ஞாயிறு காலையிலேயே இரண்டு வசனங்களில் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் ஒரு பிள்ளை ஓர் இரவு முழுக்கத் தன்னைக் குற்றவாளியாக நினைத்துக்கொண்டிருக்கமாட்டார்.

பிழை எங்கே இருந்தது

இதை மென்பொருளின் குறை என்று தள்ளிவிடலாம். அதில் ஒரு கை மட்டுமே உண்டு. எத்தனை முறை திறந்தாலும் நரம்பு அதே தசையை அதே இடத்தில் துளைக்கும். நூறு முறை அதைப் பார்த்தவர், நூற்றியோராவது முறை மேசையில் அது இல்லாதபோது, உடலைச் சந்தேகிக்கவில்லை, படத்தையும் சந்தேகிக்கவில்லை. தன் கையைச் சந்தேகித்தார். எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். படம் அவ்வளவு தெளிவாக, அவ்வளவு உறுதியாக இருக்கிறது.

ஆனால் குறை அதோடு முடியவில்லை. திரையில் நாங்கள் எப்போதும் பெயரிலிருந்து தொடங்கினோம். பெயரைத் தட்டினால் நரம்பு மஞ்சளாக ஒளிரும். நரம்பைத் தொட்டால் பெயர் எழுந்து நிற்கும். மேசையில் பெயர் எதுவும் எழுதியிருக்காது. ஃபோர்மலின் ஊறிய உடலில் சிவப்பும் நீலமும் மஞ்சளும் இல்லை. நாடியும் நாளமும் நரம்பும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறத்தில் கொழுப்புக்குள் புதைந்து கிடக்கும். அங்கே எதிர்த் திசையில் போக வேண்டும்: கையில் பிடித்த நூல் எங்கே போகிறது, எங்கிருந்து வருகிறது, எதற்குள் நுழைகிறது என்று பார்த்து, கடைசியில்தான் அதற்குப் பெயர். கிண்ணியா மாணவரைக் காப்பாற்றியது அந்த எதிர்த்திசைப் பயணம். அதை நான் விறாந்தையில் ஒரு நாளும் பழக்கவில்லை. மென்பொருளில் அதற்கு வழி இருந்தும் பழக்கவில்லை.

மாற்றிய முறை

அடுத்த விடுமுறையில் இன்னும் நான்கு பேர் வந்தார்கள். இம்முறை முதல் மாலையே பெயர்களை அணைத்துவிட்டேன். பிறகு கணினித் திரையையும் கறுப்பு வெள்ளைக்கு மாற்றினேன். நிறம் போனதும் விறாந்தையில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அதுவரை சரளமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் அக்குள் நாடிக்கும் நாளத்துக்கும் வேறுபாடு சொல்ல முடியாமல் தடுமாறினார்கள். அவர்கள் இடங்களைக் கற்கவில்லை, வண்ணங்களைக் கற்றிருந்தார்கள் என்பது அவர்களுக்கே அப்போதுதான் புரிந்தது.

பெயர் தெரியாத உறுப்பைத் தமிழில் விவரியுங்கள் என்று ஒரு விதி வைத்தேன். எங்கிருந்து இறங்குகிறது, எதன் மேல் கிடக்கிறது, எதைத் தாண்டுகிறது. ஒரு மாணவி, தோள் என்பின் முன்னால் வளைந்து நீட்டிக்கொண்டிருக்கும் முனையிலிருந்து இறங்கி மேற்கையின் உட்பக்கத்தில் ஒட்டுகிற தசையைக் காட்டி, "காகச் சொண்டிலிருந்து கைக்கு வருகிறது" என்றார். கொராக்கோபிரேக்கியாலிஸ் என்பதன் பொருளே அதுதான். கிரேக்கத்தில் கொராக்ஸ் என்றால் அண்டங்காக்கை. பெயரை அறியாமலே அவர் பெயருக்கு வந்து சேர்ந்தார். 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் 1864இலிருந்து மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அந்த மரபு அறுந்துபோனது வேறு கதை. ஆனால் கண்ணால் கண்டதைத் தாய்மொழியில் சொல்ல முடிகிறவருக்கு உறுப்பு மனத்தில் தங்குகிறது என்பதை அந்த மாலையில் நேரே கண்டேன்.

ஒரே உடலோடு நிற்பதையும் விட்டேன். ஆணுடலில் பார்த்த குறுக்குவெட்டைப் பெண்ணுடலிலும் பார்த்தோம். 1995இல் வெளிவந்த அந்தத் தரவு மாரடைப்பால் இறந்த 59 வயதுப் பெண் ஒருவருடையது. அவர் பெயர் வெளியிடப்படவில்லை. 0.33 மில்லிமீற்றர் இடைவெளியில் 5,189 படங்கள். இரண்டு உடல்களையும் அருகருகே வைத்து வேறுபாடுகளைத் தேடச் சொல்வேன். பால்வேறுபாடு தவிர மற்ற எல்லாவற்றையும் எழுத வேண்டும். ஒவ்வொரு பகுதிக்கும் மனிதரில் வழக்கமாகக் காணப்படும் வேறுபாடு ஒன்றையாவது நானே வரைந்து காட்டுவதைக் கட்டாயமாக்கிக்கொண்டேன். ஆட்டுக்கால் இப்போதும் வருகிறது. அதன் நரம்பு வளையத்தில் நின்று பேசாமல் அடுத்ததற்குப் போவதில்லை.

திரை மட்டுமே செய்யக்கூடியதையும் இங்கே சொல்ல வேண்டும். குறுக்குவெட்டு. மேசையில் உடலைத் தோலிலிருந்து உள்ளே திறக்கிறோம். ஆனால் நாளைக்கு வார்டில் இந்தப் பிள்ளைகள் பார்க்கப்போவது சி.டி. ஸ்கேன், அதுவும் குறுக்காக வெட்டிய படங்கள். ஒரு தசையைப் படம் படமாகப் பின்தொடர்ந்து, அது எங்கே தொடங்கி எங்கே தசைநாணாகிறது என்று கண்ணால் கண்டவருக்கு ஸ்கேன் அந்நியமாக இருக்காது. இடுப்புக்குழி போன்ற இடங்களில், கத்தியால் அடைவதற்குள் பாதி உறுப்புகள் சிதைந்துபோகும். அங்கேயும் திரைதான் நல்ல ஆசிரியர். பீடத்துக்குத் திரும்பிய உப்புவெளி மாணவி சொன்னது: உடலைத் திறக்குமுன் இரவு திரையில் பார்ப்பதை விட, திறந்துவிட்டு வந்து பார்ப்பதுதான் தனக்கு அதிகம் புரிகிறதாம். அன்றைக்குக் கையால் தொட்டுக் குழம்பிய இடத்தைத் திரையில் சுற்றிப் பார்க்கும்போது கேள்வி கையில் இருக்கிறது. நான் மேசைக்கு முன் திரை என்றே நினைத்திருந்தேன். இப்போது இரண்டு பக்கமும் வைக்கிறேன். பின்னால் வைப்பதற்குக் கூடுதல் நேரம் தருகிறேன்.

உடல்களுக்குப் பதிலாக அனட்டமேஜ் மேசை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: வாங்கலாம், பதிலாக அல்ல. கோணேசபுரியில் படிக்கிற சித்த மருத்துவ மாணவர்களுக்கும், விடுமுறையில் ஊருக்கு வருகிற மருத்துவ மாணவர்களுக்கும் பொதுவாக அப்படி ஒரு மேசை நகரில் இருந்தால் நான் முதல் ஆளாகப் போய் நிற்பேன். அதன் பெயர்களை அணைக்கிற பொத்தான் எங்கே இருக்கிறது என்பதைத்தான் முதலில் தேடுவேன்.

கிண்ணியா மாணவர் விடுமுறைகளில் இப்போதும் வருகிறார், சீலையைக் கட்டுவதற்கு உதவுகிறார். புதியவர்களுக்கு அவர் முதல் மாலையில் காட்டுவது அந்தப் பென்சில் படத்தை. அதில் எந்தப் பெயரும் எழுதியிருக்காது. இருதலைத் தசையில் விரலை வைத்து, "இங்கேயிருந்து மேலே போங்கள்" என்கிறார். பிறகு எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள்; புரொஜெக்டரைப் போடுகிறேன். பெண்ணுடலின் சில பகுதிகளை மட்டுமே இதுவரை பயன்படுத்தினோம். முழுத் தரவும் ஏறத்தாழ 40 ஜி.பி.; ஒவ்வொரு நள்ளிரவுக்குப் பிறகும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருக்கிறது.